சென்னையில் பைக்குக்கு ஹீட்டட் கிரிப் மாட்டுவது எப்படி: பேட்டரியிலிருந்து கைப்பிடி வரை

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பைக்கில் கிளம்புகிறவர்களுக்கும், லடாக் போகத் திட்டம் போட்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலைகளில் சாதாரண கிளவுஸோடு வண்டி ஓட்டினால், சிறிது நேரத்தில் விரல் மரத்துப்போய்விடும். அதன்பின் பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் அது பெரிய ஆபத்து. தடித்த கிளவுஸ் போட்டாலும் லீவரின் உணர்வு குறைந்துவிடுகிறது. பேட்டரி கரண்டில் சூடாகும் கைப்பிடியான ஹீட்டட் கிரிப் உதவுவது இந்த இடத்தில்தான்.

சென்னையில் இதை மாட்டித் தரச் சொன்னால் பெரும்பாலான கடைகளில் ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி அங்கேயே பாயிண்ட் (கரண்ட் எடுக்கும் கிளை இணைப்பு) எடுத்துவிடுவார்கள். என் வண்டியிலும் ஒரு கடையில் அப்படித்தான் செய்தார்கள். ஹெட்லைட் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) சூட்டில் இளகி, மலையேற்றத்தில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அதைக் கழற்றிவிட்டு முழு ஒயரிங்கையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. ரப்பரை மாட்டுவது எளிது. கரண்டை எங்கிருந்து, எந்த வழியாக எடுக்கிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

1. கிரிப் வாங்கும் முன், வண்டி தாங்குமா என்று பாருங்கள்

ஒரு ஜோடி ஹீட்டட் கிரிப் முழு சூட்டில் பொதுவாக 30 முதல் 50 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் இது சுமார் 3 முதல் 4 ஆம்ப். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஸ்டேட்டர் இதைத் தர முடிய வேண்டும். ஸ்டேட்டர் எத்தனை வாட் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். ஸ்டேட்டர் 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஹாலஜன் ஹெட்லைட் 55 வாட். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த பைக்குகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது என்பதால் பகலிலும் இதைக் கழித்தே ஆக வேண்டும். பின்விளக்கு, மீட்டர் சேர்த்து 10. ஃப்யூவல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாவற்றுக்கும் 60 முதல் 70 வரை ஒதுக்குங்கள். பேட்டரி சார்ஜ் ஆக இன்னும் ஒரு 20. மிச்சம் 45 வாட் அளவில் நிற்கும். பிரேக் பிடிக்கும்போது எரியும் 21 வாட் பல்பையும், போன் சார்ஜரையும் இதற்குள்தான் சமாளிக்க வேண்டும். ஏற்கெனவே ஃபாக் லைட் மாட்டியிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போட முடியாது. அதோடு, இந்த 200 வாட் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் இதைவிடக் குறைவாகவே வரும். 100, 125 சிசி வண்டிகளில் ஸ்டேட்டர் சிறியது. அவற்றுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; கைக்குக் காற்று படாமல் மறைக்கும் ஹேண்ட்கார்டும் நல்ல வின்டர் கிளவுஸும் போதும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். பழைய 55 வாட் ஹாலஜன் பல்பு ஒன்றை, இடையில் 7.5 ஆம்ப் ஃப்யூஸ் வைத்து நேராக பேட்டரியில் இணையுங்கள். எஞ்சினை 3,000 ஆர்பிஎம்மில் வைத்து பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் பிடியுங்கள். 13.2 வோல்ட்டுக்கு மேல் நின்றால் வண்டி தாங்கும். 13-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைகிறது என்று பொருள். இதைக் காலை நேரத்தில், திறந்த வெளியில், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். ஏர்கூல்டு எஞ்சினைச் சென்னை வெயிலில் நின்ற இடத்தில் உறும விடக் கூடாது. பல்பு கடுமையாகச் சுடும், எதன் மேலும் படவிடாதீர்கள்.

2. எந்த கிரிப்

இரண்டு வகை உண்டு. ஒன்று, சூடேற்றும் கம்பி உள்ளேயே பதித்த முழு கிரிப். ஆக்ஸ்ஃபோர்டு, கோசோ போன்றவை இந்த வகை. மற்றது, இருக்கிற கிரிப்புக்கு அடியில் சுற்றும் மெல்லிய பட்டை. பட்டை மலிவு, ஆனால் கிரிப் தடித்துவிடும், ஆக்சிலேட்டர் பக்கம் வழுக்கவும் வாய்ப்புண்டு. முடிந்தால் முழு கிரிப்பே வாங்குங்கள்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை: ஹேண்டில்பார் விட்டம் (பெரும்பாலும் 22 மி.மீ), சுவிட்ச் பெட்டியிலிருந்து பார் முனை வரை கிரிப்பின் நீளம், முனையில் பார் எண்ட் வெயிட் இருக்கிறதா என்பது. வெயிட் இருந்தால் முனை திறந்த கிரிப் வேண்டும். இடது, வலது கிரிப்புகளின் உள்விட்டம் வேறுவேறு. ஆக்சிலேட்டர் பக்கம் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் இருப்பதால் அது பெரிதாக இருக்கும். இரண்டும் ஒரே அளவில் இருக்கும் ஜோடியை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு கிரிப்பின் இரு ஒயர்களுக்கு இடையே சில ஓம் காட்ட வேண்டும். உதாரணமாக 12 வோல்ட்டில் 20 வாட் கிரிப் என்றால் 7 ஓம் பக்கம் வரும். ஓப்பன் என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

3. சாமான்களும் கடைகளும்

கிரிப்பும் வண்டி சாமானும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். ரிலே (சிறு கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஃப்யூஸ் ஹோல்டர், ஒயர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்), லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), மல்டிமீட்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில். இரண்டுமே அண்ணா சாலையை ஒட்டியவை. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அங்கே பெரும்பாடு. மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போவது நல்லது. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். உங்கள் வண்டியின் கப்ளருக்குப் பொருந்தும் ஜோடி புதிதாகக் கிடைக்கவில்லை என்றால் புதுப்பேட்டையில் பழைய ஒயரிங் கிட்டிலிருந்து வெட்டித் தருவார்கள்.

வாங்க வேண்டியவை:

- நாலு பின் 12 வோல்ட் ரிலே, அதற்கான சாக்கெட்டோடு
- மூடி போட்ட பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர். 5 மற்றும் 7.5 ஆம்ப் ஃப்யூஸ் இரண்டிரண்டு
- 1.5 சதுர மி.மீ பல இழை ஒயர், சிவப்பும் கறுப்பும், வண்டி நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு
- ரிலேயை இயக்கும் ட்ரிகர் லைனுக்கு 0.5 அல்லது 0.75 சதுர மி.மீ ஒயர்
- பேட்டரி போல்ட்டுக்குப் பொருந்தும் வளைய லக் (பெரும்பாலும் 6 மி.மீ)
- உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஜிப் டை, கிரிம்ப் பிளையர் (லக்கை ஒயரோடு நசுக்கி இறுக்குவது)

வீட்டு ஒயரைத் தவிர்த்து வாகன ஒயரே கேளுங்கள். எஞ்சின் சூட்டைத் தாங்குவது அதுதான். டின் பூசிய செம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் வண்டி நிற்கிறவர்களுக்கு உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிப்பது தெரிந்த கதைதான்.

செலவு, தோராயமாக: பட்டை வகை ஆயிரம் ரூபாய்க்குள் தொடங்கும், முழு கிரிப் சில ஆயிரங்கள், இறக்குமதி பிராண்ட் அதற்கும் மேல். ஒயரிங் சாமான் 600 முதல் 1,000 ரூபாய். கிரிம்ப் பிளையரும் சுமாரான மல்டிமீட்டரும் சேர்த்து இன்னொரு ஆயிரம். வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரியும் கூரியர் கட்டணமும் தனி. விலை மலிவு என்று நம்பி ஆர்டர் போடும் முன் அதையும் கூட்டிப் பாருங்கள்.

4. காகிதங்கள்

இது எஞ்சின், சேஸிஸ், நிறம் என்று ஆர்சியில் பதிவான எதையும் மாற்றுவதில்லை. ஆகவே ஆர்டிஓ அலுவலகம் போக வேண்டிய வேலை இல்லை.

இன்சூரன்ஸில்தான் கவனம் தேவை. கம்பெனி பொருத்தாத எலக்ட்ரிக்கல் சாமானுக்குப் பாலிசியில் தனியாக எழுதினால்தான் கிளெய்ம் கிடைக்கும். இதற்காகப் பாலிசியில் சேர்க்கும் பிரிவை (எண்டார்ஸ்மெண்ட்) ஐஎம்டி 24 என்பார்கள். பொருளின் மதிப்பில் 4 சதவீதம் வழக்கமான கூடுதல் பிரீமியம். இதைச் சேர்க்க பில் கேட்கலாம், கடையில் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். புதுப்பிக்கும் சமயத்தில் சேர்ப்பது எளிது.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் மெயின் ஒயரிங்கில் ஒரு வெட்டும் விழக் கூடாது. எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு வாரண்டி மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். கீழே சொல்லும் முறையில் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

5. ஒயரிங்: பேட்டரி, ஃப்யூஸ், ரிலே, கிரிப்

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்புறம்தான் பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வரிசை மாறினால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டு பொறி பறக்கும்.

ரிலேயின் அடியில் நாலு எண்கள் இருக்கும்: 30, 87, 85, 86. ரிலேயைக் கால்வாய் மதகு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கனமான கரண்ட் 30-லிருந்து 87-க்குப் பாய்கிறது, மதகைத் தூக்கும் கை 85, 86.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து சிவப்பு ஒயர் கிளம்பி, ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் ஹோல்டருக்குள் போக வேண்டும். அங்கிருந்து ரிலேயின் 30. ஃப்யூஸை வண்டியின் முன்பக்கம் வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன், அது தவறு. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள ஒயர் தேய்ந்து சேஸிஸில் பட்டால் தடுக்க எதுவும் இல்லை, ஒயர் எரியும். அது டேங்குக்கு அடியில் ஓடும் ஒயர்.

87-லிருந்து சிவப்பு ஒயர் முன்னால் போய் கிரிப்பின் கன்ட்ரோலரில் (சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) சேரும். கன்ட்ரோலரின் கறுப்பு ஒயரைத் திரும்ப பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டு வாருங்கள். சேஸிஸில் எர்த் கொடுத்தால் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து இரண்டு மழையில் கோளாறு காட்டும்.

85-ஐ நெகட்டிவில் கொடுங்கள். 86-க்குச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒரு ஒயர் வேண்டும். பின்விளக்கு ஒயர் இதற்கு நல்ல தேர்வு. ரிலே காயில் 0.2 ஆம்ப் அளவுதான் இழுக்கும், பின்விளக்குக்கு அது ஒரு பாரமே இல்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் கப்ளரின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இதற்கு மட்டும் பேட்டரியைத் தற்காலிகமாக இணைக்க வேண்டும். சாவி அணைத்தால் 0, போட்டால் 12, பிரேக் அழுத்தினாலும் மாறாமல் இருந்தால் அதுவே உங்கள் ஒயர். இன்ஜெக்டர், சென்சார், ஏபிஎஸ், ஈசியூவுக்குப் போகும் ஒயர்களில் கை வைக்கவே கூடாது.

பாயிண்ட் எடுக்க ஒயரைச் சுரண்டாதீர்கள். அதே வகை ஆண், பெண் கப்ளர் வாங்கி இடையில் ஒரு கிளை ஒயரோடு செருகுங்கள். கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். ஃப்யூஸ் பெட்டியில் சாவியோடு வேலை செய்யும் ஒரு ஃப்யூஸ் இருந்தால் ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் செருகிக் கிளை ஒயர் எடுக்கும் சாமான்) செருகுவது இன்னும் சுத்தம். நீல நிற கிளிப் ஒன்று விற்பார்கள், ஒயரைக் கடித்துப் பாயிண்ட் எடுப்பது. உள் இழைகளை அறுத்துவிடுகிறது, மழை நீரும் உள்ளே போகிறது. வேண்டாம்.

ஃப்யூஸ் அளவு கிரிப்பின் பெட்டியில் எழுதியிருந்தால் அதையே போடுங்கள். எழுதவில்லை என்றால், 4 ஆம்ப் இழுக்கும் கிரிப்புக்கு 7.5 (பழுப்பு நிறம்), 3 ஆம்புக்கு 5. ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தால் 15 ஆம்ப் ஃப்யூஸ் மாற்றிச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். எங்கோ ஒயர் உரசுகிறது, அதைத் தேட வேண்டும்.

இணைப்புகளை சால்டர் செய்வதைவிட கிரிம்ப் செய்வதே பைக்குக்கு ஏற்றது. ஈயம் ஏறிய ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும். கிரிம்ப் செய்தபின் நன்றாக இழுத்துப் பாருங்கள், வராமல் இருக்க வேண்டும். மேலே பசை உள்ள ஸ்லீவை மாட்டிச் சூடாக்குங்கள். வெறும் இன்சுலேஷன் டேப்பின் பசை நம் ஊர் மே மாதத்தில் இளகி வழிந்துவிடும்.

6. ஒயரை ஓட்டும் பாதை

கம்பெனி ஒயரிங் போகும் வழியையே பின்பற்றுங்கள். எஞ்சின் ஹெட், சைலன்சர் பக்கம் போகக் கூடாது. அதிகம் அறுபடும் இடம் ஸ்டியரிங் கழுத்து. ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்பி, இரு பக்கமும் ஒயர் இறுகாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். பிரேக் ஹோஸோடும் கிளட்ச் கேபிளோடும் சேர்த்து ஜிப் டை போடாதீர்கள். ரிலேயைச் சீட்டுக்கு அடியில், பின்கள் கீழே பார்க்கும்படி வையுங்கள், தண்ணீர் தங்காது.

7. கிரிப்பை மாட்டுவது

பழைய கிரிப்பை நீளவாக்கில் பிளேடால் கிழித்தால் வந்துவிடும். பத்திரமாக வேண்டும் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் திருகி எடுங்கள். எண்ணெய், கிரீஸ் கூடவே கூடாது.

வலது பக்கம் ஆக்சிலேட்டர் குழாயின் மேல் முகடுகள் இருந்தால் கிரிப் ஏறாது. அரத்தால் மெதுவாகத் தேயுங்கள், குழாயைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டு. தூள் உள்ளே விழுந்தால் ஆக்சிலேட்டர் பிடித்துக்கொள்ளும்.

பசை போடும் முன் சும்மா மாட்டிப் பாருங்கள். வலது கிரிப்பிலிருந்து வரும் ஒயர் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சுழலும். முழுதாக மூடிய நிலையிலும் முழுதாக முறுக்கிய நிலையிலும் அது பிரேக் லீவரிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ படக் கூடாது, இழுபடவும் கூடாது. சரியான கோணம் கிடைத்ததும் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பசை சில நொடிகளில் பிடித்துவிடும், அதன்பின் திருப்ப முடியாது. கிரிப்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையே 2 மி.மீ இடைவெளி விடுங்கள். உரசினால் ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பாது.

கிரிப்போடு வரும் பசையையே பயன்படுத்துங்கள். ஓர் இரவு காய விடுங்கள். அதற்கு முன் வண்டியை எடுக்க வேண்டாம்.

இடது கிரிப் வலதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வலது பக்கம் பிளாஸ்டிக் குழாய் சூட்டைத் தடுத்து வைக்கிறது. இடது பக்கம் இரும்பு ஹேண்டில் சூட்டை உறிஞ்சிவிடுகிறது.

8. சென்னை வெயிலில் சோதிப்பது

வெளியே 33 டிகிரி இருக்கும்போது கிரிப் சூடாகிறதா என்று கைக்குச் சரியாகத் தெரியாது. மீட்டரை நம்புங்கள். எஞ்சினை ஓடவிட்டு முழு சூடு வைத்து, பேட்டரி முனையில் 3,000 ஆர்பிஎம்மில் 13.2-க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஃப்யூஸ் ஹோல்டர், ரிலே, கப்ளர் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. விரல் வைக்க முடியாமல் சுட்டால் அங்கே கிரிம்ப் சரியில்லை.

அடுத்து ஆக்சிலேட்டர். முழுதாக முறுக்கி விட்டால் சட்டென்று மூட வேண்டும், ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஏதோ ஒயர் கேபிளை இழுக்கிறது. இது சரியாகும் வரை தெருவில் இறங்காதீர்கள்.

சாவியை அணைத்ததும் கன்ட்ரோலரின் விளக்கும் அணைய வேண்டும். அணையாவிட்டால் 86-க்கு எடுத்த பாயிண்ட் தவறு; ஒரே இரவில் பேட்டரி காலியாகும். கடைசியாக, தோட்டத்துக் குழாயில் நன்றாகத் தண்ணீர் அடித்து மறுபடி போட்டுப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் தெரிவதைவிட வீட்டு வாசலில் தெரிவது மேல்.

9. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதாக இருந்தால்

கூலி 500 முதல் 1,000 ரூபாய் வரை கேட்பார்கள். ரிலே, ஃப்யூஸ் ஹோல்டர், ஒயர் எல்லாம் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். 5-ஆம் பகுதியில் சொன்னதைத் தாளில் வரைந்து காட்டி, "அண்ணே, ஹெட்லைட்ல பாயிண்ட் எடுக்க வேணாம், பேட்டரிலேர்ந்து தனி லைன் இழுத்துடுங்க, ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கட்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டால் அப்படியே செய்து தருவார்கள். கூடவே நின்று பாருங்கள்.

10. எப்போது செய்வது, பிறகு எப்படி வைத்திருப்பது

பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன் முடித்துவிடுங்கள். தானே செய்தால் ஒரு முழு நாளும் பசை காய ஓர் இரவும் வேண்டும். இடையில் ஒரு வார இறுதி பெங்களூரு நெடுஞ்சாலையிலோ ஏலகிரியிலோ ஓட்டிப் பார்த்தால் லூஸ் கனெக்‌ஷன் எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஓட்டும்போது முதல் ஐந்து நிமிடம் முழு சூடு, பிறகு பாதி. ஊருக்குள் சிக்னலில் நிற்கையில் குறைத்துவிடுங்கள், ஐடிலில் சார்ஜ் குறைவு. கிரிப் உள்ளங்கையைத்தான் சூடாக்கும். புறங்கையில் காற்று அடிக்காமல் இருக்க ஹேண்ட்கார்டும் வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பலன்தான்.

சென்னையில் வருடத்தில் பெரும்பகுதி இது சும்மாவே கிடக்கும், கப்ளருக்குள் பச்சை பிடிப்பது அப்போதுதான். மாதம் ஒருமுறை எஞ்சின் ஓடும்போது ஐந்து நிமிடம் போட்டு அணையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் கப்ளர்களைக் கழற்றிப் பார்த்து, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். மிச்சமிருக்கும் ஃப்யூஸ்களைச் சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். மலை மேல் 7.5 ஆம்ப் ஃப்யூஸ் தேடி அலைய வேண்டியிருக்காது.